அணு விபத்தும் மடிந்த ஆநிரையும்

பேரிடர் நேருங்காலத்து மாந்தர் உயிரே முதலிற் கணிக்கப்படும், அதுவே முறையுமாகும். மாந்தர் வெளியேறிய பின்னர், தொழுவத்திற் கட்டுண்டு நின்ற ஆவும் எருதும், பட்டியில் அடைபட்ட ஆடும் என்னாயின என்ற வினா பல நாட் கழிந்தே எழுகின்றது. அப்போது அவற்றுட் பல பிணமாகியிருக்கும். வெள்ளத்திலும் புயலிலும் மாண்ட கால்நடையை அடக்குமாற்றை எந்நாட்டுக் கமக்காரரும் அறிவர். ஆழக் குழிதோண்டிப் புதைப்பர். தொற்றுநோய் என்று ஐயுற்றால் எரிப்பர். ஆயின் அணுவுலை விபத்தொன்றின் பின் மாண்டவற்றை அவ்வழக்கப்படி புதைத்தலும் எரித்தலும் தகுமோ? நோய்க் கிருமியை அழிக்கும் முறை அணுவின் கதிரையும் அழிக்குமோ? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். யப்பான் நாட்டில் 2011ஆம் ஆண்டு நிகழ்ந்தவை இவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் துணைசெய்வன.

அவ்வாண்டு மார்ச் 11ஆம் நாள் யப்பானின் வடகீழ்க் கரையை அண்டிய கடலடியில் 9.0 அளவுடைய நிலநடுக்கம் உண்டாயிற்று. தொடர்ந்தெழுந்த ஆழிப்பேரலை புக்குஷிமா முதலாம் அணுமின் நிலையத்தின் மின்வழங்கலை அழித்தது. உலைகளைக் குளிர்விக்க வழியின்றிப் போகவே, சில நாட்களுள் மூன்று உலைகளின் எரிபொருள் உருகிற்று. மார்ச் 12ஆம் நாள் மாலை 20 கிலோமீற்றர் வட்டத்துள் வாழ்ந்தோர் அனைவரும் வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். இரண்டொரு நாளில் மீளலாம் என்றெண்ணியே பலர் வீட்டை விட்டகன்றனர். மீளவில்லை. ஏப்பிரில் 22ஆம் நாள் அவ்வட்டம் எவரும் உட்புகலாகாத எச்சரிக்கை வலயமாயிற்று. அதனுள் விபத்துக்கு முன் ஏறக்குறைய 3,500 மாடுகளும் 30,000 பன்றிகளும் பல இலட்சம் கோழிகளும் வளர்க்கப்பட்டன.

இவை கதிர்வீச்சினால் மடிந்தன என்று பலர் கருதுவர். அஃது உண்மையன்று. இவற்றைக் கொன்றவை பசியும் தாகமுமே. பாற்பண்ணைப் பசு கொட்டிலில் கழுத்துச் சட்டத்திற் பூட்டப்பட்டு நிற்பது; கறவைக் காலத்தில் நாளொன்றுக்கு ஐம்பது இலீற்றருக்கு மேல் நீர் அருந்துவது. மின்சாரம் நின்றதும் நீரிறைக்கும் பொறி நின்றது. தீனி வைப்பாரும் இலர். வரிசையாகக் கட்டப்பட்ட இடத்திலேயே, வெற்றுத் தொட்டியை நோக்கித் தலையை நீட்டியபடி, அவை வீழ்ந்து மடிந்தன. கட்டவிழ்த்து விடப்பட்ட மாடுகள் புல்லும் நீரோடையும் கண்டு பிழைத்துக் காடுங் கழனியும் திரிந்தன. ஆக, மாடு மாண்டதோ பிழைத்ததோ என்பதைத் தீர்மானித்தது பெரும்பாலும் ஒரு கயிறே எனலாம்.

மே மாதம் 12ஆம் நாள், வலயத்துள் எஞ்சிய கால்நடைகளை உரிமையாளர் சம்மதத்துடன் வலியின்றிக் கொல்லுமாறு யப்பானிய மத்திய அரசு புக்குஷிமா மாகாண ஆளுநரைப் பணித்தது. மிருக வைத்தியர்கள் பாதுகாப்பு உடை அணிந்து உட்சென்றனர். மாட்டை அமைதிப்படுத்தி, மயக்கமருந்து செலுத்தி, பின்னரே உயிர் நீக்கினர். சம்மதியாத உரிமையாளரும் இருந்தனர். நமியே ஊரில் ஒரு பண்ணையார் முந்நூறுக்கு மேற்பட்ட மாடுகளை விற்கவும் இயலாது, உண்ணவும் இயலாது எனத் தெரிந்தும் பல்லாண்டு தீனியிட்டு வளர்த்தார். சந்தையில் ஒரு காசும் பெறாத மாட்டை வளர்ப்பது பேதைமை என்றவர்களும் உளர். அதனை அவ்வாறு தள்ளிவிட இக்கட்டுரையாளனால் இயலவில்லை. அதற்கான காரணம் பின்னர் விளங்கும்.

கொல்லப்பட்டவையும் முன்னரே மாண்டவையும் உடனே புதைக்கப்படவில்லை. கதிர்த்தொழிற்பாடுடைய பொருளை வலயத்துக்கு வெளியே கொண்டுசெல்லலாகாது. உள்ளே புதைப்பதற்கும் நிலத்தின் உரிமையாளர், ஊராட்சி, மாகாணம் ஆகிய பல தரத்தாரின் இசைவு வேண்டியிருந்தது. ஆகவே முதற்கண் பிணங்களின் மீது நீறிய சுண்ணாம்பைத் தூவி, நீலப் படங்குகளால் மூடி வைத்தனர். வெண்சுண்ணம் கதிரைத் தடுக்குமெனச் சிலர் எண்ணுவதுண்டு. சுண்ணாம்பு அழுகலைத் தாமதப்படுத்தும். நாற்றத்தையும் ஈயையும் குறைக்கும். கதிர்வீச்சின்மீது அதற்கு ஒருவித ஆற்றலும் இல்லை. படங்கின் பயன் மழைநீர் உட்புகாது தடுப்பதும், காக்கையும் நரியும் பன்றியும் பிணத்தை இழுத்துச் செல்லாது காப்பதுமாம். இடைக்கால ஏற்பாடென்ற அளவில் அது தக்கதே. ஆயின் வைகாசி வெயிலில் இடைக்காலம் மிகக் குறுகியது.

நிற்க, இவ்வுடல்களில் தங்கிய நஞ்சு யாது, எங்கே தங்கியது என்பதை அறியாது அடக்கும் முறையைப் பேசுதல் வீண். அணுவுலை விபத்தில் வெளிப்படும் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள்கள் பல. கால்நடையைப் பொறுத்தவரை மூன்று தலையாயவை. அயடீன் 131 என்னும் சமதானி புல்லின் வழியே பசுவின் வயிற்றை அடைந்து, தைரொயிட்டுச் சுரப்பியிலும் பாலிலும் சேரும். அதன் அரைவாழ்வுக் காலம் எட்டு நாள். எட்டு நாளுக்கொருமுறை பாதியாகக் குறைந்து, எண்பது நாளில் ஆயிரத்தில் ஒரு பங்கே எஞ்சும். சீசியம் பொற்றாசியத்தின் இனத்தது. உடல் அதனைப் பொற்றாசியம் என்றே மயங்கி ஏற்றுத் தசையெங்கும் பரப்பும். சீசியம் 134இன் அரைவாழ்வு ஏறக்குறைய 2 ஆண்டு. சீசியம் 137இனது 30 ஆண்டு. ஸ்ட்ரோன்சியம் 90 கல்சியத்தின் இனமாதலின் எலும்பிற் படியும். அரைவாழ்வு ஏறக்குறைய 29 ஆண்டு. புக்குஷிமாவில் நிலத்தில் வீழ்ந்தவற்றுள் நெடுநாள் நிற்கத்தக்க அளவில் மிக்கது சீசியமே.

வலயத்திற் கொல்லப்பட்ட மாடுகளின் உறுப்புகளைத் தொஹோக்கு பல்கலைக்கழக ஆய்வாளர் முதலானோர் சேகரித்து அளந்தனர். 79 மாடுகளைப் பற்றிய அவ்வாய்வு 2013இல் வெளிவந்தது. சீசியம் எல்லா உறுப்பிலும் இருந்தது. எலும்போடு ஒட்டிய தசையிலேயே மிக்கிருந்தது. இரத்தத்திலுள்ளதைப்போல் இருபது மடங்குக்கு மேல் தசையிற் காணப்பட்டது. கதிர்த்தொழிற்பாடுடைய வெள்ளி ஈரலிலும், தெல்லூரியம் சிறுநீரகத்திலும் தங்கியிருந்தன. ஒரு பிணம் என்பது ஒரே சீரான நச்சுப்பொருள் அன்று என்பதும், குருதியை அளந்தால் தசையின் அளவை மதிப்பிடலாம் என்பதும் இதனாற் பெறப்பட்டன.

இவ்விடத்து ஒரு முக்கியமான உண்மையைக் கருதல் வேண்டும். உயிருள்ள மாட்டின் உடலிற் சீசியம் நிலைத்து நிற்பதில்லை. தூய தீனியும் தூய நீரும் கொடுத்தால் சிறுநீரோடும் சாணத்தோடும் அது வெளியேறும். மாட்டின் தசையிலுள்ள சீசியம் பாதியாகக் குறைய ஒன்று தொடக்கம் இரண்டு மாதம் செல்லும். ஆட்டிற்குச் சில கிழமைகளே போதும். முப்பது ஆண்டுக் கணக்கு அணுவுக்குரியது, மாட்டுக்குரியதன்று. மாடு இறந்தவுடன் இந்தக் கழுவும் வழி அடைபட்டுவிடுகின்றது. உயிரோடிருக்கையில் ஈராண்டுக்குள் ஏறத்தாழ முற்றும் நீங்கத்தக்க நஞ்சு, பிணமான பின் அணுவின் கணக்குப்படியே குறையும். எனவே பிணத்தை அடக்கும் முறைகளுட் சிறந்தது பிணமே உண்டாகாமற் காப்பதாம். இது சொல்லலங்காரம் அன்று; கணக்கு.

இக்கணக்கை மெய்ப்பிக்கும் எடுத்துக்காட்டுகள் பல உள. 2011 யூன் இறுதியில் அவ்வலயத்திலிருந்த 26 பன்றிகள் ஆய்வின்பொருட்டுத் தோக்கியோப் பல்கலைக்கழகப் பண்ணைக்குக் கொண்டுசெல்லப்பட்டன, தூய தீனி உண்டு வாழ்ந்தன, குட்டிகளையும் ஈன்றன. 1986இல் செர்னோபில் உலையிலிருந்து எழுந்த முகில், ஏறக்குறைய 2,000 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள பிரித்தானிய மலைமேய்ச்சல் நிலங்களில் மழையாய் இறங்கிற்று. 9,700 அளவிலான பண்ணைகளில் நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட செம்மறியாடுகள் கட்டுப்பாட்டுக்குட்பட்டன. அவற்றைக் கொன்று குவிக்கவில்லை. உயிருடன் நிற்கையிலேயே கதிரளவியால் அளந்து, கிலோகிராமுக்கு 1,000 பெக்கரலுக்கு மேற்பட்டதாயின் நிறமையால் அடையாளமிட்டு, தாழ்நிலத்துத் தூய புல்வெளியில் மேயவிட்டு, குறைந்த பின்னரே விற்க விட்டனர். இறுதிக் கட்டுப்பாடு 2012ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. நோர்வே நாட்டினர் கலைமான்களுக்கும் ஆடுகளுக்கும் பிரசியன் நீலம் என்னும் சாயப்பொருளை உப்புக்கட்டியிற் கலந்தும் குளிகையாக்கியும் கொடுத்தனர். அது குடலிற் சீசியத்தைப் பற்றிச் சாணத்தோடு கொண்டுபோகும்.

இதற்கு மாறாக நடந்ததும் உண்டு. செர்னோபில் விபத்தின் பின் 30 கிலோமீற்றர் வலயத்திலிருந்து மக்களோடு ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் அகற்றப்பட்டன. ஆயின் அவற்றுக்குத் தூய தீனி எங்கே? பேணுவார் யார்? 1986 மே தொடக்கம் யூலை வரை 95,500 மாடுகளும் 23,000 பன்றிகளும் கொல்லப்பட்டன எனச் சர்வதேச அணுசக்தி முகவர் நிலையம் 2006இல் வெளியிட்ட அறிக்கை கூறும். பல உடல்கள் புதைக்கப்பட்டன. சில குளிரறைகளில் வைக்கப்பட்டன. அதனாற் சுகாதாரத்துக்கும் பொருளாதாரத்துக்கும் பெரும் இடர் விளைந்தது. உலையை மிக அண்டிய இடத்துச் சில மாடுகள் அயடீனால் தைரொயிட்டுச் சுரப்பி அழியப்பெற்று நலிந்தது மெய்யே. எனினும் பெருந்தொகையான கொலைக்குக் காரணம் தீனியின்மையும் ஒழுங்கின்மையுமே. நமியே ஊர்ப் பண்ணையாரைப் பேதை எனத் தள்ள இயலாது என்று முன்னர்க் கூறியதன் காரணம் இதுவே. இறைச்சி சந்தைக்கு உதவாதாயினும், உயிருடன் நிற்கும் மாடு தன் உடலைத் தானே தூய்மை செய்கின்றது, ஆய்வுக்கும் பயன்படுகின்றது, பிணமாயின் அதற்கோர் இடம் தேட வேண்டும்.

இனி, பிணமாகிவிட்டவற்றைக் கருதுவோம். அவற்றில் இரு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று அழுகலின் கடிகாரம். அது நாளால் அளக்கப்படும். மற்றையது அணுவின் கடிகாரம். அது ஆண்டால் அளக்கப்படும். முதலாவதை மட்டும் நோக்குபவர் அவசரத்தில் இரண்டாவதற்குக் கேடு செய்வர். இரண்டாவதையே அஞ்சிக்கொண்டிருப்பவர் முதலாவதால் தோற்பர்.

அழுகலின் விரைவைப் பலரும் உணர்வதில்லை. பிரித்தானியாவில் 2001ஆம் ஆண்டு கோமாரி நோய்க் காலத்துச் செய்த மதிப்பீட்டின்படி, வளர்ந்த 100 பசுக்களின் உடலிலிருந்து இரண்டு மாதத்துள் 17 கனமீற்றர் திரவம் வடியும். அதிற் பாதி முதற் கிழமையிலேயே வெளியேறும். சீசியம் உடலின் உயிரணு நீரிற் கரைந்திருப்பதாதலின் அத்திரவத்தோடு அதுவும் ஒழுகும். ஆகவே, ‘உறுதியான முடிவு வரும்வரை பிணங்கள் கிடக்கட்டும்’ என்று அலுவலகத்தில் இருப்போர் எழுதும் ஒவ்வொரு நாளிலும், அடக்கவேண்டிய பொருளில் ஒரு பகுதி மண்ணுக்குட் சென்றுகொண்டேயிருக்கின்றது. முதற் கிழமையே விலைமதிப்புடைய காலம்.

எரித்தலைப் பற்றி யாவர்க்கும் இயல்பாகவே நம்பிக்கை அதிகம். தீ தூய்மை செய்யும் என்பது நமது மரபின் ஆழத்திலுள்ள எண்ணம். கிருமியைப் பொறுத்தவரை அது பொய்யன்று. ஆயின் தீ என்பது அணுக்களின் சேர்க்கையைக் குலைக்குமேயன்றி, அணுவின் கருவைத் தொடாது. ஆயிரம் பாகை வெப்பத்திற் கிடந்தாலும் சீசியம் 137இன் முப்பது ஆண்டு முப்பது ஆண்டே. இறைச்சியை முற்ற எரித்தால் மிஞ்சும் சாம்பல் நூற்றில் ஒரு பங்களவு. எலும்பும் சேர்ந்தால் சற்றுக் கூடும். அதாவது, பெரும் உடலிற் பரந்து கிடந்த கதிர்த்தொழிற்பாடு ஒரு கூடைச் சாம்பலிற் செறிந்து நிற்கும். செறிந்தது போக எஞ்சியது புகையோடு பறக்கும். சீசிய உப்புகள் உயர் வெப்பத்தில் ஆவியாகி, குளிரும்போது நுண் சாம்பலில் ஒட்டிக்கொள்வன. விறகடுக்கித் திறந்த வெளியில் எரிப்பின் அச்சாம்பல் காற்றுப்போகும் திசையெல்லாம் வீழும்.

இது வெறும் ஊகமன்று. 2011 யூன் மாதம், விபத்து நடந்த இடத்துக்கு இருநூறு கிலோமீற்றருக்கு அப்பால், தோக்கியோவின் எதோகவா பகுதியிலுள்ள குப்பை எரிக்கும் உலையொன்றின் சாம்பலில் கிலோகிராமுக்கு 9,740 பெக்கரல் சீசியம் காணப்பட்டது. எரிக்கப்பட்டவை நகர மாந்தரின் அன்றாடக் குப்பையும் மரக்கிளையும் புல்லுமே. தனித்தனியே அஞ்சத்தகாதவை உலையிற் சேர்ந்து அஞ்சத்தக்கவையாயின. கிலோகிராமுக்கு 8,000 பெக்கரலுக்கு மேற்பட்ட கழிவைத் தனியாகக் காக்கவேண்டும் என அந்நாட்டார் பின்னர் வகுத்த எல்லையையும் அச்சாம்பல் கடந்திருந்தது. நுண்துகளைப் பிடிக்கும் வடிகட்டி பொருத்திய உலை இருந்து, சாம்பலை அடைத்துக் காக்க இடமும் இருந்தால் எரித்தல் தக்க முறையே. பருமனை அது மிகக் குறைக்கும். அவை இல்லாத இடத்தில் எரித்தல் ஒரு கேட்டை இரண்டாக்குவதாம்.

உரமாக மக்கச் செய்தலும், உருக்கிக் கொழுப்பும் எலும்புமாவும் பிரித்தலும் நோயில்லாக் காலத்துக்குரியவை. அவற்றின் விளைபொருள் வயலுக்கோ மீண்டும் விலங்கின் தீனிக்கோ செல்வதாகும். கதிரும் உடன் செல்லும். கடலில் இடுதலைச் சிலர் எண்ணக்கூடும். கதிர்த்தொழிற்பாட்டுக் கழிவைக் கடலிற் கொட்டுதல் 1972ஆம் ஆண்டு இலண்டன் உடன்படிக்கையாலும், 1993இல் அதற்குச் செய்த திருத்தத்தாலும் முற்றாக விலக்கப்பட்டது.

ஆகவே பெரும்பாலான இடங்களில் எஞ்சுவது மண்ணே. மண் யாவும் ஒரு தன்மையவல்ல என்பதை இங்குச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். சில களிமண்களின் தாதுக்கள் ஏட்டின் இதழ்களைப்போல் அடுக்கடுக்காக அமைந்தவை. அவ்விதழ்களின் ஓரத்திடையே சீசிய அயன் சிக்கிக்கொண்டால் எளிதில் வெளிவராது. அத்தகைய களியிற் புதைக்கப்பட்ட உடலின் சீசியம் சில சாண் தூரத்துக்குள்ளேயே நூறாண்டு கிடக்கக்கூடும். அரித்துக் கொடுக்கும் மணலிலோ, களியற்ற புற்கரி நிலத்திலோ அவ்விதப் பிடிப்பு இல்லை. பிரித்தானிய மலைமேய்ச்சல் நிலத்துக் கட்டுப்பாடு 26 ஆண்டு நீடித்ததற்குப் புற்கரி மண்ணே காரணம். அங்குச் சீசியம் ஆண்டுதோறும் புல்லுக்குள் ஏறிற்று. ஆதலின் குழியின் அடியிலும் பக்கங்களிலும் தடித்த களிப்படை இடுதல் வேண்டும். களி கிடையாத இடத்துச் சியோலைற்று என்னும் தாதுவைத் தூவுதல் உண்டு. அதுவும் சீசியத்தைப் பற்றும் இயல்பினது.

கமக்காரரின் பழக்கம் ஒன்று இங்கே எதிரிடையாக நிற்கின்றது. இறந்த மாட்டைத் தென்னைக்கோ மாவுக்கோ அருகே புதைத்து அதன் உரத்தைப் பயிருக்கு ஆக்குவது நம்மவர் பலர் செய்வது. பொருளை வீணாக்காத நல்ல வழக்கம். ஆயின் வேர் பொற்றாசியத்தைத் தேடுவது. சீசியத்தையும் அதுவென்றே உறிஞ்சுவது. எந்த மரம் உரத்தை நன்கு பயன்படுத்துமோ அந்த மரமே நஞ்சையும் நன்கு மேலேற்றும். ஆதலின் கதிர்த்தொழிற்பாடுடைய உடலை மரவேர் எட்டாத இடத்தில், மேலே ஆழ வேரோடும் செடி முளையாவண்ணம் மண்ணைத் தடிப்பாக மூடிப் புதைத்தலே முறை.

பெரும்புதைகுழியின் பொறுப்பு எத்தகையது என்பதற்கு 2001ஆம் ஆண்டுப் பிரித்தானிய நிகழ்ச்சி சான்று. அங்குக் கதிர் இல்லை, கோமாரியே காரணம். கம்பிரியா மாவட்டத்தில் கைவிடப்பட்ட விமானத் தளமொன்றில் நான்கரை இலட்சத்துக்கு மேற்பட்ட உடல்கள், பெரும்பாலும் செம்மறியாடுகள், நீண்ட அகழிகளிற் புதைக்கப்பட்டன. புதைத்ததோடு வேலை முடியவில்லை. வடிந்த நீரைக் குழாயால் இறைத்துப் பதப்படுத்தும் பணி பல்லாண்டு நீடித்தது. இன்று அவ்விடம் வாச்சுறி என்னும் பெயருடைய இயற்கைக் காப்பிடமாக உள்ளது. நோய்ப்பிணத்தின் குழிக்கே இத்துணைக் காவல் வேண்டுமாயின், அணுவின் கடிகாரமும் ஓடும் குழிக்கு எத்துணை வேண்டும் என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

அடக்கும் பணியாளரைப் பற்றியும் சில சொல்லவேண்டும். வலயத்துள் நிற்பவரைத் தாக்கும் கதிர் பெரும்பாலும் பிணத்திலிருந்து வருவதன்று. சூழவுள்ள நிலத்திலும் கூரையிலும் படிந்த தூசியிலிருந்து வருவது. எனவே பிணத்தைத் தொட அஞ்சிச் சுற்றிச்சுற்றி நிற்பவர், விரைந்து பணிமுடித்து அகல்பவரிலும் அதிகக் கதிர் பெறுவர். தோலில் ஒட்டிய தூசி பறவாவண்ணம் உடலை நனைத்துப் படங்கிற் சுற்றல் வேண்டும். ஓடவிட்டுக் கழுவினால் கழுவுநீரும் கழிவாகும். பிணம் ஊதி மேலெழாதிருக்க வயிற்றைக் கீறிக் காற்றுப் போக்குதல் சாதாரணப் புதைப்பில் வழக்கம். மாட்டின் இரைப்பையில் நஞ்சுற்ற புல் நிறைந்திருக்குமாதலின், அதனைக் குழிக்கு வெளியே செய்யலாகாது. கூடியவரை மாண்ட இடத்துக்கு அண்மையிலேயே புதைத்தல் நன்று. நஞ்சு மிக்க இடத்திலிருந்து நஞ்சு குறைந்த இடத்துக்குப் பிணத்தை ஏற்றிச் செல்லும் பாரவண்டி, வழிநெடுக ஒழுக்கிக்கொண்டே செல்லும்.

இவையெல்லாம் பிறநாட்டார் சங்கதி எனச் சிலர் கருதலாம். இந்தியாவின் தென்கோடியிலுள்ள கூடங்குளம் அணுமின் நிலையம் நமது கற்பிட்டிக் கரையிலிருந்து ஏறக்குறைய 220 கிலோமீற்றர். கல்பாக்கம் பருத்தித்துறையிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீற்றர். இத்துணைத் தூரத்திற் கதிர்வீச்சினாற் கால்நடை வீழ்ந்து மடியும் என அஞ்சுவதற்கு இடமில்லை. பிரித்தானிய ஆடுகளுக்கு நேர்ந்ததைப்போலப் புல்லும் பாலும் மாசுறுதலே நினைக்கத்தக்கது. அந்நிலையில் நமக்குப் புதைகுழியினும் முதன்மையானது மூடிவைத்த வைக்கோலும் மூடிய கிணற்று நீருமாம். யப்பானில் எச்சரிக்கை வலயத்துக்கு வெளியே வாழ்ந்த மாடுகளின் இறைச்சியிலும் 2011 யூலை மாதம் சீசியம் காணப்பட்டது. விசாரித்தபோது, அறுவடைக்குப் பின் வயலிலே திறந்தபடி கிடந்த வைக்கோலைத் தின்றமையே காரணமெனத் தெரிந்தது. நம் வைக்கோற் போர்களும் திறந்தவெளியிலேயே நிற்பவை.

எனினும் பெருந்தொகையாகக் கால்நடை மடிதல் நமக்குப் புதிதன்று. 2022ஆம் ஆண்டு திசெம்பரில் வீசிய கடுங்குளிர்க் காற்றில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இரண்டு மூன்று நாளில் மடிந்தன. எங்கே புதைப்பது, யார் புதைப்பது என்ற வினாக்கள் அன்றும் எழுந்தன. வன்னியில் ஆழ்ந்த மண் உண்டு. குளங்களையும் வாய்க்கால்களையும் விலக்கினால் தக்க இடம் காணலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலை வேறு. இங்கே சில அடிக்குள் சுண்ணக்கல் தட்டுப்படும். அக்கல்லின் வெடிப்புகளூடே மழைநீர் நேரே நிலத்தடி நீரைச் சேரும். களி வடிகட்டும் வேலையைச் சுண்ணக்கல் செய்யாது. நிலாவரைக் கேணியும் கீரிமலை ஊற்றும் நிலத்தடியில் நீர் செல்லும் வழிகளை நமக்குக் காட்டுவன. சுன்னாகப் பகுதிக் கிணறுகளிற் கழிவெண்ணெய் கலந்தபோது, ஓரிடத்து மாசு எத்தனை கிணறுகளை எட்டும் என்பதையும் கண்டோம். இத்தகைய நிலத்தில், கதிர் உள்ளதோ இல்லதோ, நூறு மாடுகளை ஒரே கிடங்கில் இடுதல் அயற்கிணறுகள் அனைத்தையும் பணயம் வைப்பதாகும். களிப்படையிட்ட மேட்டுக் குழியை எங்கே அமைக்கலாம் என்பதை இடர் வருமுன்னரே வரைபடத்திற் குறித்து வைத்தல் பிரதேச சபைகளுக்கும் கால்நடைத் திணைக்களத்துக்கும் இயலாத காரியமன்று. புக்குஷிமாவில் இசைவு பெறுவதிற் சென்ற நாட்கள் அழுகலின் கடிகாரம் விரைந்தோடிய நாட்களே.

குழியை மூடிய பின் எஞ்சுவது பதிவு. சீசியம் 137 ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய 300 ஆண்டு செல்லும். அது எத்துணை நெடிது என்பதை யாழ்ப்பாணத்தவர் ஒருவாறு அறியலாம். 300 ஆண்டுக்கு முன் இங்கே ஆண்டோர் ஒல்லாந்தர். அவர்கள் எழுதிய தோம்புகளைக்கொண்டு இன்றும் காணிகளின் பழைய பெயரையும் எல்லையையும் ஆராய்கின்றோம். புதைகுழியின் பதிவும் அத்துணைக் காலம் வாசிக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். குழியின் நான்கு மூலைகளின் நிலையம், ஆழம், களிப்படையின் தடிப்பு, புதைத்த நாள், இட்ட உடல்களின் இனமும் தொகையும், அளந்த கதிரின் அளவு, அயலிலுள்ள கிணறுகளின் தூரம் ஆகியவற்றை எழுதி, ஒரு படி பிரதேச செயலகத்திலும் ஒரு படி காணிப் பதிவகத்திலும் ஒரு படி நில அளவைத் திணைக்களத்திலும் இருத்தல் நன்று. குழியின் மீது கல் நடுதலும் வேண்டும். ஏனெனின், ஏட்டைத் தேடிச் செல்லாது மண்வெட்டியோடு நேரே நிலத்துக்கு வருபவரே பெரும்பாலோர்.